நாள் கணக்கில் நழுவும் பணம்

தேதிக்கும் தேதிக்கும் நடுவே உள்ள இடைவெளியை எண்ணுவது எப்படி? கம்ப்யூட்டரில் பதிந்த நேரம் எங்கே நம்மை ஏமாற்றும்? வணிகர்கள் அறிய வேண்டிய சில விவரங்கள்

எடை போடுவதில் நமது வணிகர்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. தராசில் பத்து கிராம் குறைந்தாலும் கை சொல்லிவிடும். விலையில் ஐந்து பைசா ஏறினாலும் காது கேட்டுவிடும். ஆனால் நாட்களை எண்ணும் இடத்தில் நம்மில் பலர், "ஏறக்குறைய ஒன்றரை மாதம்", "போன தையில் வாங்கியது" என்று வாய்க்கணக்கிலேயே காலம் தள்ளி வருகிறோம். கடன் கெடு, வட்டி, வரி, செக் வழக்கு, லாரியில் போகும் சரக்கு என எல்லாவற்றிலும் இன்று நாள் கணக்குதான் பணத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு நாள் தவறினால் கையில் இருக்கும் நியாயமான பணமே கைநழுவிப் போகக்கூடும்.

கடையில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, பில் போட்ட தேதியும் நேரமும் தானாகவே பதிகின்றன, இனி என்ன கவலை என்று சிலர் எண்ணலாம். பதிவு செய்வது வேறு, பதிந்ததைக் கழித்துப் பார்ப்பது வேறு. கம்ப்யூட்டர் நாம் கேட்டபடிதான் எண்ணும். நாம் என்ன கேட்கிறோம் என்பது நமக்கே தெளிவாக இல்லையென்றால், அது தரும் விடை பிழையாக இருப்பதும் நமக்குத் தெரியாது. எனவே முதலில் மனிதர் எண்ணும் முறையையும், பிறகு கம்ப்யூட்டர் எண்ணும் முறையையும் பார்ப்போம்.

முதல் நாளைச் சேர்ப்பதா, விடுவதா?

1-ஆம் தேதி பில் போட்டுப் பத்து நாள் கெடு கொடுத்தால் கெடு முடிவது 10-ஆம் தேதியா, 11-ஆம் தேதியா? கடைக்குக் கடை இதற்கு வெவ்வேறு பதில் உண்டு. சட்டத்தின் பதில் ஒன்றுதான். 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம் 9-ஆம் பிரிவின்படி, "இந்த நாளிலிருந்து" என்று ஒரு சட்டம் சொன்னால் அந்த முதல் நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 12-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆகவே 1-ஆம் தேதியை விட்டு, 2-ஆம் தேதியை ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் 11-ஆம் தேதி பத்தாவது நாள். ஒரு தேதியிலிருந்து மற்றொரு தேதியைக் கழித்தாலும் இதே விடைதான் வரும்.

ஆனால் எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஒரு பணியாளர் 1-ஆம் தேதி முதல் 10-ஆம் தேதி வரை வேலைக்கு வந்தால் அவருக்குப் பத்து நாள் கூலி. அங்கே கழித்தால் ஒன்பதுதான் வரும். ஒன்றைக் கூட்டியாக வேண்டும். நாள் வாடகை பேசிய கிட்டங்கியிலும் அப்படியே. இரண்டு தேதிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியைக் கேட்கிறோமா, அல்லது எத்தனை நாட்கள் என்று தலை எண்ணிக் கேட்கிறோமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். கணக்குப் பிள்ளைக்கும் கடைக்காரருக்கும் வரும் ஒரு நாள் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

அடுத்தது மாதக் கணக்கு. மாதம் என்றால் முப்பது நாள் என்பது பேச்சு வழக்கு. நம் தமிழ் மாதங்களே 29 நாளிலிருந்து 32 நாள் வரை மாறுபடுகின்றன. ஆங்கில மாதங்களில் எது 31, எது 30 என்று கை முட்டிகளை எண்ணிப் பார்க்கப் பெரியவர்கள் சொல்லித் தந்தார்கள். பிப்ரவரி மட்டும் முட்டிக்கு அடங்காது. ஒரு கணக்கைப் பாருங்கள்:

ஜனவரி 17-இல் சரக்கு எடுத்து மார்ச் 3-இல் பணம் கொடுத்தால் எத்தனை நாள்? 2023-இல் ஜனவரியில் 14, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 3, ஆக 45 நாள். 2024-இல் அதே தேதிகளுக்கு 14, 29, 3, ஆக 46 நாள். தேதி மாறவில்லை, பழக்கம் மாறவில்லை, இருந்தும் லீப் வருடத்தில் 45 நாள் கெடு ஒரு நாள் தாண்டிவிட்டது.

ஜி.எஸ்.டி.யில் இன்னொரு உதாரணம். சரக்கு வாங்கியவர் பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் விற்றவருக்குப் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியுடன் திருப்பிச் செலுத்த வேண்டும். பணம் கொடுத்த பிறகு அந்த வரவை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். வட்டி போனது போனதுதான். 180 நாளை ஆறு மாதம் என்று வாய்க்கணக்காகச் சொல்கிறோம். 2025 ஜனவரி 2-ஆம் தேதி பில்லுக்கு ஆறு மாதம் ஜூலை 2. ஆனால் 180-ஆவது நாள் ஜூலை 1. சட்டத்தில் நாள் என்று இருந்தால் நாளாக எண்ணுங்கள். மாதம் என்று இருந்தால் மாதமாக எண்ணுங்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றாதீர்கள்.

45 நாள் விதி: யாருக்குப் பொருந்தும்?

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால், எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். அந்தத் தேதியும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். "நமக்கெல்லாம் 45 நாள் உண்டு" என்று எண்ணிக்கொண்டிருக்கும் வணிகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாய்ப் பேச்சாக 45 நாள் பேசியிருந்தால் அது சட்டப்படி 15 நாள்.

கெடு தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். அந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது.

இதற்கு மேல் 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் ஒரு விதியைச் சேர்த்து, 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் பணம் கொடுத்த ஆண்டின் செலவாகத்தான் காட்ட முடியும் என்பதே அது. மளிகைக் கடைக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மாவு மில், எண்ணெய் ஆலை, மசாலாப் பொடி தயாரிப்பவர், அப்பளம் இடுபவர், வற்றல், ஊறுகாய் தயாரிப்பவர் என நமக்குச் சரக்கு தருபவர்களில் பலர் இந்தப் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களே.

ஓர் உதாரணம். ஓர் எண்ணெய் ஆலையிலிருந்து 2025 பிப்ரவரி 18-இல் ரூ.2,00,000-க்குச் சரக்கு வந்து ஏற்றுக்கொண்டோம். எழுத்து மூலம் 45 நாள் கெடு உண்டு என வைத்துக்கொள்வோம். பிப்ரவரியில் 10, மார்ச்சில் 31, ஏப்ரலில் 4, ஆக ஏப்ரல் 4-ஆம் தேதி கடைசி நாள். அன்று கொடுத்தால் 2024-25 கணக்கிலேயே செலவு. ஏப்ரல் 5-ஆம் தேதி கொடுத்தால் அந்த ரூ.2,00,000 அந்த ஆண்டின் செலவிலிருந்து நீங்கி, லாபத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கழிவு அடுத்த ஆண்டுதான் கிடைக்கும். எழுத்து மூலம் ஒப்பந்தமே இல்லையென்றால் கடைசி நாள் மார்ச் 5.

மொத்த, சில்லறை வணிகர்களுக்கும் 2021 ஜூலையில் உத்யம் பதிவு திறந்துவிடப்பட்டது. ஆனால் அது முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டுமே. ஆகவே வணிகர் விற்ற சரக்குக்கு இந்த 45 நாள் பாதுகாப்பைக் கேட்க முடியாது. உற்பத்தியாளரிடம் வாங்கும்போது கடைப்பிடிக்கும் பொறுப்பு மட்டும் உண்டு. கொள்முதல் பதிவில் "உத்யம் பதிவு உற்பத்தியாளரா, ஆம் அல்லது இல்லை" என்று ஒரு கட்டமும், சரக்கை ஏற்ற தேதிக்கு ஒரு கட்டமும் இருப்பது அவசியம். பில் தேதியும் சரக்கு வந்த தேதியும் ஒன்றல்ல என்பதை நாம் மறந்துவிடலாகாது.

செக் திரும்பினால் மூன்று கடிகாரங்கள்

செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். 2012 ஏப்ரல் 1-க்கு முன் இது ஆறு மாதமாக இருந்தது. பணமில்லை என்று திரும்பினால், அந்தத் தகவல் வங்கியிலிருந்து நமக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்து 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், வழக்கு மூலம் பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். இங்கே முப்பது நாள், பதினைந்து நாள், ஒரு மாதம் என்று மூன்று கடிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. ஒவ்வொன்றும் வேறு நாளில் தொடங்குகிறது.

தகவல் கிடைத்தது 2025 ஜூன் 3 என்றால் 30-ஆவது நாள் ஜூலை 3. நோட்டீஸ் அவருக்குக் கிடைத்தது ஜூலை 10 என்றால் 15 நாள் முடிவது ஜூலை 25. வழக்கு மூலம் பிறப்பது ஜூலை 26. புகாருக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 26.

அந்தக் கடைசி ஒரு நாளுக்காகவே ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சாகேத் இந்தியா நிறுவனத்துக்கும் இந்தியா செக்யூரிட்டீஸ் நிறுவனத்துக்கும் இடையே நடந்த அந்த வழக்கில் 15 நாள் முடிந்தது 1995 அக்டோபர் 14. வழக்கு மூலம் பிறந்தது அக்டோபர் 15. புகார் கொடுத்தது நவம்பர் 15. அக்டோபர் 15-ஐச் சேர்த்து எண்ணினால் ஒரு மாதம் நவம்பர் 14-ஆம் தேதியே முடிந்துவிடும், புகார் தள்ளுபடியாகும். அந்த நாளை விட்டுத்தான் எண்ண வேண்டும், புகார் காலத்துக்குள் வந்ததே என்று 1999-இல் தீர்ப்பானது. 2013-இல் மற்றொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே மீண்டும் உறுதி செய்தது. புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி வைத்திருக்கிறது. நோட்டீஸ் அனுப்பும் 30 நாளுக்கு அந்தச் சலுகை இல்லை. கடைசி நாள் வரை காத்திருக்காமல் வக்கீலைப் பார்ப்பதே நல்லது. வங்கித் தகவல் நம் கைக்கு வந்த தேதியை அன்றே எழுதி வையுங்கள்.

பாக்கிக் கணக்குக்கும் ஒரு கெடு உண்டு. தவணை பேசாமல் கொடுத்த சரக்குக்குச் சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு; தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அதற்குள் கடனாளி பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். பழைய பாக்கிகளின் வயதை ஆண்டுக்கு ஒரு முறையாவது எண்ணிப் பார்ப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

பத்து நிமிடத்தில் ஒரு நாள்

லாரியில் சரக்கு அனுப்புவோருக்கு மின்வழிச் சீட்டாகிய இ-வே பில் பழகிவிட்டது. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோ மீட்டருக்கு ஒரு நாள், அதற்கு மேல் ஒவ்வொரு 200 கிலோ மீட்டருக்கும் அல்லது அதன் பகுதிக்கும் இன்னொரு நாள். 2021 ஜனவரி 1-க்கு முன் இது 100 கிலோ மீட்டராக இருந்தது. சென்னையிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ 500 கிலோ மீட்டர். ஆக மூன்று நாள்.

இங்கே "நாள்" என்பது 24 மணி நேரமல்ல. சீட்டு எடுத்த தேதிக்கு அடுத்த தேதியின் நள்ளிரவில்தான் முதல் நாள் முடிகிறது. மார்ச் 14-ஆம் தேதி இரவு 11.55-க்கு எடுத்தால் முதல் நாள் 15-ஆம் தேதி நள்ளிரவில் முடியும். கையில் 24 மணி 5 நிமிடம். பத்து நிமிடம் பொறுத்து, 15-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12.05-க்கு எடுத்தால் முதல் நாள் 16-ஆம் தேதி நள்ளிரவு வரை போகும். கையில் 47 மணி 55 நிமிடம். மணிக்கணக்கில் பார்ப்பவர் இதைப் பிழை என்பார். தேதிக் கோட்டை எண்ணுபவருக்கு இது சரி. இடைவெளியை எண்ணுவதில் இப்படி இரண்டு வழி உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு வருவோம்.

கம்ப்யூட்டர் எப்படி எண்ணுகிறது?

நமக்கு 18-2-2025 என்று தெரியும் தேதி, எக்செல் போன்ற கணக்குத் தாளின் உள்ளே 45706 என்ற வெறும் எண்ணாக இருக்கிறது. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே வந்த எண் அது. 4-4-2025 என்பது 45751. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 45. மாதம் 30-ஆ 31-ஆ என்ற கவலை அங்கே இல்லை. நேரம் என்பது நாளின் பின்னம். பகல் 12 மணி என்றால் அரை, மாலை 6 மணி என்றால் முக்கால். பில்லிங் மென்பொருள்களின் பின்னால் இருக்கும் தரவுத்தளங்கள் சில, 1970 ஜனவரி 1-இலிருந்து எத்தனை விநாடி என்று வைத்துக்கொள்கின்றன. ஒரு நாளுக்கு 86,400 விநாடி.

நம் முன்னோர் நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள், நாழிகைக்கு 24 நிமிடம். கம்ப்யூட்டர் விநாடியாகப் பிரிக்கிறது. அலகு வேறு, முறை ஒன்றே. ஒரே தொடக்கத்திலிருந்து எண்ணி வந்த இரு எண்களைக் கழித்தால் இடைவெளி கிடைக்கும். பிறகு ஏன் தப்பு வருகிறது? கீழ்க்கண்ட ஐந்து இடங்களில்தான்.

1. எழுத்தாகப் பதிந்த தேதி. 05-04-2025 என்பது நமக்கு ஏப்ரல் 5. அமெரிக்க முறையில் அமைத்த கம்ப்யூட்டருக்கு அது மே 4. சில சமயம் கம்ப்யூட்டர் அதைத் தேதியாகவே கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். அப்படி வைத்ததை வரிசைப்படுத்தினால் மே 2-ஆம் தேதி ஏப்ரல் 15-க்கு முன் வந்து நிற்கும். கணக்குத் தாளில் சாதாரணமாகத் தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்து இடப்பக்கம் நிற்கும். இதுவே எளிய சோதனை.

2. நேரத்தை மட்டும் பதிவது. லாரி இரவு 10.40-க்கு வந்து 1.15-க்குச் சரக்கு இறக்கிப் போனது. தேதி இல்லாமல் நேரத்தை மட்டும் கழித்தால் கழித்தல் குறியோடு விடை வரும், அல்லது கட்டம் முழுதும் வேலி போட்டதுபோல் குறிகள் நிற்கும். தேதியும் நேரமும் சேர்ந்து ஒரே கட்டத்தில் இருந்தால் 2 மணி 35 நிமிடம் என்று சரியாக வரும்.

3. மணியும் தசமமும். எட்டரை மணி நேரத்தை 8.30 என்று எழுதிக் கூலியால் பெருக்குவது நாம் அன்றாடம் காணும் தவறு. மணிக்கு ரூ.60 கூலி என்றால் 8.30-க்கு ரூ.498 வரும், உண்மையில் 8.5 மணிக்கு ரூ.510 தர வேண்டும். தொழிலாளிக்கு ரூ.12 குறைகிறது. அதேபோல் தினம் ஒன்பதரை மணி வீதம் ஆறு நாள் உழைத்தவருக்கு மொத்தம் 57 மணி. கணக்குத் தாளின் சாதாரண நேர அமைப்பில் அது 9 என்று காட்டும், ஏனென்றால் 24 தாண்டியதும் கடிகாரம் போல் மறுபடி சுற்றும். மணிக்கான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் அமைத்தால் 57 தெரியும். அல்லது விடையை 24-ஆல் பெருக்கி எண்ணாகப் பார்க்கலாம்.

4. ஐந்தரை மணி வேறுபாடு. இணையம் வழி இயங்கும் பில்லிங் மென்பொருள்கள் பல, உலகப் பொது நேரத்தில் பதிகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். காய்கறி மண்டியில் விடியற்காலை 3 மணிக்குப் போட்ட பில், அங்கே முந்தைய நாள் இரவு 9.30. திரையில் மாற்றிக் காட்டினால் தொல்லையில்லை. மாற்றாமல் அறிக்கை எடுத்தால் விடியற்காலை 5.30-க்கு முன் போட்ட எல்லா பில்லும் முந்தைய நாள் கணக்கில் சேரும். ஏப்ரல் 1 விடியற்காலை வியாபாரம் மார்ச் 31-இல் விழுந்தால் போன ஆண்டுக் கணக்கே மாறிவிடும். இடைவெளி காணும்போது இரண்டு நேரமும் ஒரே முறையில் இருந்தால் விடை சரியே. ஒன்று நம் நேரம், மற்றொன்று பொது நேரம் என்றால் ஐந்தரை மணி பிசகும்.

5. கோட்டை எண்ணுவதா, நேரத்தை எண்ணுவதா. இ-வே பில்லில் பார்த்த அதே சங்கதி. இரவு 11.59-இலிருந்து 12.01 வரை எத்தனை நாள் என்று கேட்டால், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் ஒரு கட்டளை தேதியை மட்டும் பார்த்து ஒரு நாள் என்னும். அதிலேயே இன்னொரு கட்டளை முழு 24 மணி ஆகவில்லை என்று சுழியம் சொல்லும். மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் டிசம்பர் 31-க்கும் ஜனவரி 1-க்கும் ஆண்டுகளில் வித்தியாசம் கேட்டால் ஓர் ஆண்டு என்றே வரும். இவை பிழையல்ல, ஒவ்வொன்றும் ஒரு வழக்கம். கடன் கெடுவுக்குத் தேதிக் கோட்டை எண்ணும் கட்டளை வேண்டும். ஓவர்டைம் கூலிக்கு நேரத்தை எண்ணும் கட்டளை வேண்டும். மென்பொருள் அமைத்துத் தருபவரிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டியது நாம்தான்.

வரிக்கு வரி இடைவெளி: வாடிக்கையாளர் சொல்லாமல் சொல்வது

இதுவரை சொன்னவை நட்டம் தவிர்க்க. இனி லாபத்துக்கு ஒரு வழி. ஒரு பில்லின் தேதிக்கும் அதே வாடிக்கையாளரின் முந்தைய பில் தேதிக்கும் உள்ள இடைவெளியை எடுத்துப் பாருங்கள். மொத்தக் கடையில் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரரின் பேரேடு இப்படி இருக்கிறது எனக் கொள்வோம்:

பிப்ரவரி 3 – முதல் பில், இடைவெளி இல்லை
பிப்ரவரி 10 – 7 நாள்
பிப்ரவரி 18 – 8 நாள்
பிப்ரவரி 24 – 6 நாள்
மார்ச் 20 – 24 நாள்

மாத விற்பனைத் தொகையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. இடைவெளியைப் பார்த்தால் உடனே தெரிகிறது. வாரம் ஒரு முறை வந்தவர் மூன்று வாரத்துக்கு மேல் வரவில்லை. வேறு கடைக்குப் போய்விட்டாரா, உடம்பு சரியில்லையா, பணமுடையா? ஒரு போன் செய்து, "அண்ணாச்சி, என்ன இந்தப் பக்கமே காணோம்?" என்று விசாரித்தால் போதும். பாக்கி வைத்திருப்பவர் என்றால் விசாரிப்பது இன்னும் அவசரம். பணமுடை வந்தவர் பணத்தை நிறுத்துமுன் வருகையைக் குறைப்பது வழக்கம்.

இதைச் செய்யும் முறை எளிது. முதலில் வாடிக்கையாளர் பெயரின்படியும், அதற்குள் தேதியின்படியும் வரிசைப்படுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு வரியின் தேதியிலிருந்தும் மேல் வரியின் தேதியைக் கழிக்க வேண்டும். மேல் வரி வேறொருவருடையது என்றால் கழிக்காமல் காலியாக விட வேண்டும். இதை மறந்தால் ஒருவரின் முதல் பில்லும் இன்னொருவரின் கடைசி பில்லும் கழிபட்டுப் பொருளற்ற எண் வரும். பெரிய தரவுத்தளங்களில் முந்தைய வரியை எடுத்துத் தர "லேக்" என்ற கட்டளை உண்டு; ஆளுக்கு ஆள் பிரித்து எண்ணும்படியும் அதற்குச் சொல்லலாம். எழுதும் பேரேட்டிலும் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு இதைச் செய்யலாம், கம்ப்யூட்டர் கட்டாயமில்லை.

கணக்கைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. 7, 8, 6, 24 கூட்டினால் 45. பிப்ரவரி 3-இலிருந்து மார்ச் 20 வரை எண்ணினாலும் 45. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் ஒரு தேதி தவறு. சராசரி எடுக்கும்போதும் கவனம் தேவை. பில்கள் ஐந்து, இடைவெளிகள் நான்கு. 45-ஐ நான்கால் வகுக்க வேண்டும், ஐந்தால் அல்ல.

இதே கணக்கைக் கொள்முதலிலும் போடுங்கள். துவரம்பருப்புக்கு ஆர்டர் சொன்ன தேதி, மூட்டை வந்து இறங்கிய தேதி, இரண்டின் இடைவெளி. சராசரி 6 நாள், மிகத் தாமதமானது 9 நாள் என்று தெரிகிறது. தினம் 40 கிலோ விற்பனை. சராசரியை நம்பி 240 கிலோ இருப்பில் ஆர்டர் சொன்னால், லாரி தாமதமாகும் வாரத்தில் சரக்கு இல்லாமல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப நேரிடும். 360 கிலோ இருக்கும்போதே சொன்னால் அந்த நிலை வராது. எந்த வழங்குநர் சொன்ன நாளில் தருகிறார், யார் இழுத்தடிக்கிறார் என்பதும் இதில் வெட்டவெளிச்சமாகிவிடும்.

வட்டிக் கணக்கு

ரூ.50,000 பாக்கிக்கு நூற்றுக்கு ஒன்றரை வட்டி, 47 நாள். வாய்க்கணக்கில் ஒன்றரை மாதம் என்றால் ரூ.1,125. ஆண்டுக்கு 18 சதவீதம் என்று வைத்து 47 நாளுக்கு, 365-ஆல் வகுத்தால் ரூ.1,158.90. வித்தியாசம் ரூ.33.90. ஒரு பாக்கியில் இது சிறு தொகை. நூறு பாக்கியில் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். வங்கிகள் சேமிப்புக் கணக்குக்கு 2010 ஏப்ரல் 1 முதல் நாள்வாரி இருப்பை வைத்தே வட்டி போடுகின்றன. நாமும் நாள் கணக்குக்கு மாறுவதே இரு தரப்புக்கும் நியாயம். எந்த முறை என்பதைப் பில்லிலேயே அச்சிட்டுவிட்டால் பின்னால் மனத்தாங்கல் இராது.

பாக்கியின் வயதை 0-30, 31-60, 61-90, அதற்கு மேல் என்று பிரிக்கும்போது, பில் தேதியிலிருந்தா, கெடு தேதியிலிருந்தா என்பதைத் தீர்மானித்து எப்போதும் அதையே பின்பற்ற வேண்டும். பகுதிப் பணம் வரும்போது எந்தப் பில்லுக்கு என்று கொடுப்பவர் சொன்னால் அந்தப் பில்லில் வரவு வைக்க வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நாம் தேர்ந்துகொள்ளலாம். இருவரும் தேர்வு செய்யாவிட்டால் பழைய கடனிலிருந்து கழியும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் உள்ள முறை இது.

கடைப்பிடிக்க வேண்டியவை

சுருக்கமாகச் சில குறிப்புகள்:

● பில் தேதி, சரக்கு ஏற்ற தேதி, கெடு தேதி, பணம் கொடுத்த தேதி ஆகிய நான்கையும் தனித்தனிக் கட்டத்தில் பதியுங்கள்.

● கடையின் எல்லாக் கம்ப்யூட்டரிலும் நாள், மாதம், ஆண்டு என்ற ஒரே வரிசையும், இந்திய நேரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

● மென்பொருள்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: முதல் நாள் சேர்கிறதா? நள்ளிரவு தாண்டினால் என்ன ஆகும்? நேரம் எந்த நாட்டு நேரத்தில் பதிகிறது?

● ஜனவரி 17 முதல் மார்ச் 3 வரை என்ற கணக்கை 2023-க்கும் 2024-க்கும் போட்டுப் பாருங்கள். 45-உம் 46-உம் வந்தால் உங்கள் மென்பொருள் லீப் வருடத்தை அறியும்.

● சட்டக் கெடு எதையும் கடைசி நாள் வரை தள்ளாதீர்கள். மூன்று நாள் முன்னதாகவே நினைவூட்டல் வரும்படி அமையுங்கள். ஐயம் இருந்தால் ஆடிட்டரையோ வக்கீலையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. தேதியைச் சரியாகப் பதியும் பழக்கமும், பதிந்ததை வாரம் ஒரு முறை கழித்துப் பார்க்கும் பொறுமையும் இருந்தால் போதும். தினம் இரவு கல்லாவை எண்ணாமல் நம் வணிகர் யாரும் கடையைப் பூட்டுவதில்லை. கல்லாவை எண்ணும் அந்த வேளையில், நாளை எந்தக் கெடு முடிகிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டால் வட்டி, வரி, வழக்கு என்ற மூன்று வழியிலும் வீணாகும் பணம் கடையிலேயே தங்கும்.